பதக்கம் எடுத்த பிள்ளையை ஆர் கண்டிக்கிறது?

 

இது கொஞ்சம் நீண்ட பதிவு. பின்னேரத் தேத்தண்ணியோடு ஆறுதலாக வாசியுங்கள். ஆரையும் குத்திக்காட்ட எழுதவில்லை. முதலில் எங்களையே கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறோம்.

அண்மையில் எங்கள் பக்கம் ஒரு கதை எழும்பியது. விடுமுறை காலத்தில் பிள்ளைகளுக்கு ஜூடோ பழக்க ஒரு தம்பி முன்வந்திருக்கிறார். மண்டபமும் பாயும் கிடைத்தால் தொடங்கலாம் என்கிறார். வாசிகசாலையடியில் இதைப் பற்றிக் கதைத்தபோது சரவணை இரண்டு பக்கமாகப் பிரிந்துவிட்டது. ஒரு பக்கம், "ஏற்கெனவே வாள்வெட்டு, குழுச் சண்டை எண்டு கிடக்கு. இதுக்குள்ள பிள்ளையளுக்கு ஆளை விழுத்தவும் பழக்கப் போறியளோ?" என்றது. மற்றப் பக்கம், "பழகினால் மாகாணத்துக்குப் போவாங்கள், தேசியத்துக்குப் போவாங்கள். தீவுக்குப் பதக்கம் வரும்" என்றது.

எங்களுக்கு இரண்டு பேச்சிலும் முழு உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்வதற்கு ஒரு மனிதரின் கதையைச் சொல்லவேண்டும். அவர் மொங்கோலியர். பெயர் நைதாங்கின் துவ்ஷின்பயார். எங்களைப் போலவே அவர்களுக்கும் தகப்பன் பெயர் முன்னுக்கு வரும். நைதானின் மகன் துவ்ஷின்பயார்.

1984 இல் புல்கன் மாகாணத்தில் பிறந்தவர். மொங்கோலியாவில் மல்யுத்தம் என்பது எங்களுக்குக் கிளித்தட்டு மாதிரி, அதைவிடவும் மேல். வருடா வருடம் ஜூலையில் வரும் நாதம் திருவிழாவில் மல்யுத்தம், குதிரையோட்டம், அம்பெய்தல் மூன்றும்தான் பெரிய போட்டிகள். அந்த மல்யுத்தத்தில் எடைப் பிரிவு கிடையாது. வென்றவர் கழுகு போலக் கையை விரித்து ஆடுவார். தோற்றவர் அவருடைய கைக்குக் கீழால் குனிந்து போவார். தோல்வியை ஒத்துக்கொள்வதும் போட்டியின் ஒரு பகுதி. அந்த மண்ணிலிருந்து ஜூடோவுக்கு வந்தவர் இவர்.

மொங்கோலியா முதன்முதலில் ஒலிம்பிக்குக்குப் போனது 1964 இல். ஜூடோ ஒலிம்பிக்கில் சேர்ந்ததும் அதே 1964 இல், தோக்கியோவில். அதற்குப் பிறகு 44 வருடங்கள் அந்த நாட்டுக்கு வெள்ளியும் வெண்கலமும் வந்தனவே தவிர, தங்கம் வரவில்லை. இந்த ஏக்கம் எங்களுக்குப் புரியும். 1948 இல் டங்கன் வைற், 2000 இல் சுசந்திகா ஜயசிங்க என்று இரண்டு ஒலிம்பிக் பதக்கங்களோடு இலங்கையும் இன்னும் தங்கத்துக்குக் காத்திருக்கும் நாடுதானே.

2008 ஓகஸ்ட் 14, பீஜிங். 100 கிலோவுக்குக் கீழ்ப்பட்ட பிரிவு. முதல் சுற்றிலேயே துவ்ஷின்பயாருக்கு எதிரே வந்தவர் ஜப்பானின் கெய்ஜி சுசுகி, 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அதிகூடிய எடைப் பிரிவில் தங்கம் வென்றவர். அவரையே விழுத்தினார். இறுதிப் போட்டியில் கஸகஸ்தானின் அஸ்கத் ஷித்கெயெவை வென்று தங்கம் எடுத்தார். மொங்கோலியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம்.

அந்த நாடு அப்போது எந்த நிலையில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அதற்கு ஆறு கிழமைக்கு முன்னர், ஜூலை 1 ஆம் திகதி, தேர்தல் முடிவைப் பற்றிய தகராறில் தலைநகர் உலான்பாத்தரில் கலவரம் வெடித்தது. ஐந்து பேர் இறந்தார்கள். அவசரகாலச் சட்டம் போடப்பட்டது. அப்படிப் பிரிந்து நின்ற சனம் ஒரு மனிதனின் வெற்றிக்காக ஒன்றாகத் தெருவுக்கு வந்து மகிழ்ந்தது. நாட்டின் மிகப் பெரிய விருதுகளில் ஒன்றான உழைப்பின் வீரர் பட்டம் அவருக்குக் கிடைத்தது.

2012 இலண்டனில் வெள்ளி எடுத்தார். பிறகு 100 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவுக்குப் போய், 2017 இல் 33 வயதில் புடாபெஸ்ட் உலகச் சம்பியன்ஷிப்பில் வெண்கலம் எடுத்தார். போட்டி வாழ்க்கைக்குப் பிறகு நாட்டின் தேசிய ஒலிம்பிக் குழுவுக்கே தலைவரானார். இதற்கு மேல் ஒரு விளையாட்டு வீரனுக்கு என்ன வேண்டும்?

2021 ஏப்ரல். மதுபோதையில் தன்னுடைய சிறுவயதுத் தோழரை அடித்தார். அந்தத் தோழரும் ஜூடோ வீரர். மூளையில் கடும் காயம். மாதக்கணக்கில் உயிருக்குப் போராடிவிட்டு, அந்த வருட முடிவில் அவர் இறந்துபோனார். 2022 ஜூனில் நீதிமன்றம் துவ்ஷின்பயாருக்கு 16 வருடச் சிறைத்தண்டனை விதித்தது.

ஒரே கைதான், உறவுகளே. பீஜிங்கில் ஒரு நாட்டையே எழுப்பிய அதே கை.

"அது எங்கேயோ குளிர் தேசத்துக் கதை" என்று சொல்லலாம். அப்படியென்றால் பக்கத்துக்கு வருவோம். டில்லியின் சுசில் குமார். மல்யுத்த வீரர். அதே 2008 பீஜிங்கில் வெண்கலம், அதே 2012 இலண்டனில் வெள்ளி. 2010 இல் உலகச் சம்பியன். இலண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் இந்தியக் கொடியைத் தூக்கிக்கொண்டு போனவர். மொங்கோலியச் சம்பவம் நடந்து சில கிழமைகளில், 2021 மே மாதத் தொடக்கத்தில், டில்லி சத்ரசால் விளையாட்டரங்கில் ஓர் இளம் மல்யுத்த வீரர் அடித்துக் கொல்லப்பட்டார். அந்தக் கொலையில் சுசில் குமார் மீது குற்றம் சாட்டப்பட்டது. பொலிஸார் தேடினார்கள். தகவல் தருபவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் சன்மானம் அறிவித்தார்கள். மே 23 இல் கைதானார். 2025 மார்ச்சில் மேல் நீதிமன்றம் பிணை கொடுத்தது. ஓகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிணையை இரத்துச் செய்தது. அவர் குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை, எங்களுடைய வேலையில்லை. ஆனால் அவரே வளர்ந்து பழகிய அரங்கில், அவரைப் பார்த்து மல்யுத்தத்துக்கு வந்த தலைமுறையைச் சேர்ந்த ஒரு பிள்ளையின் உயிர் போயிருக்கிறது. இது எவரும் மறுக்கமுடியாத விடயம்.

இங்கேதான் முதல் கட்சி எழும்பும். "பாத்தீங்களோ, நாங்கள் சொன்னது சரி. சண்டைக் கலையே வேண்டாம்."

இல்லை. கொஞ்சம் பொறுங்கள். ஜூடோவை உருவாக்கியவர் ஆர் என்று பார்ப்போம்.

ஜிகோரோ கானோ. 1882 இல் தோக்கியோவில் ஒரு பௌத்த விகாரையில் பன்னிரண்டு பாயை விரித்து, ஒரு சில மாணவர்களோடு தொடங்கினார். அவர் தொழிலால் ஒரு ஆசிரியர். ஆசிரியர்களைப் பயிற்றுகிற தோக்கியோ உயர் ஆசிரியர் கல்லூரியின் அதிபராக நீண்ட காலம் இருந்தவர். 1909 இல் சர்வதேச ஒலிம்பிக் குழுவில் ஆசியாவின் முதல் உறுப்பினரானவர். ஆசிரிய கலாசாலைப் படியேறி வந்த எங்களுக்கு இதைப் படித்தபோது ஒரு சொந்தம் வந்தது. பழைய யுயுற்சுக் கலையில் ஆளுக்கு ஆபத்தான பிடிகளை ஒதுக்கி, பிள்ளைகள் பழகக்கூடியதாக அதை மாற்றினார். 'ஜூ' என்றால் மென்மை. 'டோ' என்றால் வழி. வலிமையைச் சரியாகப் பயன்படுத்து, நீயும் மற்றவரும் சேர்ந்து முன்னேறுங்கள் என்ற இரண்டையும்தான் அவர் அடிப்படையாக வைத்தார்.

ஜூடோ வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு முதல் நாள் என்ன பழக்குவார்கள் தெரியுமா? விழப் பழக்குவார்கள். தலை அடிபடாமல், கையால் பாயைத் தட்டி, பாதுகாப்பாக விழுவது. அடுத்தது குனிந்து வணக்கம் சொல்வது. எதிரே நிற்பவர் இல்லாவிட்டால் நீ பழகவே முடியாது, அதனால் அவருக்கு மரியாதை. மூன்றாவது, இருப்பதிலேயே பெரிய பாடம். பிடிக்குள் அகப்பட்டவர் கையால் இரண்டு தரம் தட்டினால், அந்த நொடியே விடவேண்டும். ஒரு நொடி பிந்தினாலும் அது ஜூடோ இல்லை.

எனவே பிழை கலையில் இல்லை. எங்கள் நபி (ஸல்) அவர்களும் இதைத்தான் உணர்த்தினார்கள். மல்யுத்தத்தில் ஆளை விழுத்துபவரைப் பலசாலி என்று எண்ணாமல், கோபம் வரும் நேரத்தில் தன்னைப் பிடித்து நிறுத்துபவரையே பலசாலியாகக் காணவேண்டும் என்ற கருத்துப்பட அவர்கள் சொன்னது புகாரி, முஸ்லிம் இரண்டு கிரந்தங்களிலும் பதிவாகியிருக்கிறது. அதற்காக மல்யுத்தத்தை வேண்டாமென்று சொல்லவில்லை. எது பெரிய பலம் என்றுதான் காட்டினார்கள். திருவள்ளுவரும் வெகுளாமைக்கென்று தனியாக ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறார். மதம் எதுவானாலும் இந்தப் பாடம் எங்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. பாடம் இல்லாமல் நாங்கள் கெடவில்லை.

அப்படியானால் பிழை எங்கே? இனி எங்கள் கதைக்கு வருகிறோம். இதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தோம்.

சில வருடங்களுக்கு முன்னர் நாங்கள் படிப்பித்த ஒரு பாடசாலை. எந்த இடம், எந்த வருடம் என்று கேட்காதீர்கள். தரம் 11 இல் ஒரு பெடியன். குண்டு போடுதல், தட்டெறிதல் இரண்டிலும் வலயத்தில் முதலிடம். மாகாணப் போட்டிக்கு இன்னும் பத்து நாள். தண்ணிக் குழாயடியில் வரிசையில் நின்ற தரம் 8 பிள்ளையைத் தள்ளி விழுத்தினான். விழுந்த பிள்ளையின் கையையும் பிடித்து முறுக்கினான். "விடுங்கோ அண்ணா, நோகுது" என்று சின்னவன் கத்தினதைப் பக்கத்தில் நின்ற பிள்ளைகள் எல்லோரும் கேட்டார்கள். விடவில்லை. மணிக்கட்டு எலும்பில் வெடிப்பு.

ஆசிரியர் அறையில் கூடினோம். விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியர் தலையில் கைவைத்துக்கொண்டு, "இதை இப்ப பெருப்பிச்சால் மாகாணத்துக்கு ஆரைக் கொண்டு போறது?" என்றார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. பதிவுப் புத்தகத்தில் 'விளையாடும்போது தவறி விழுந்தது' என்று எழுதப்பட்டது.

சின்னவனின் தாய் வந்தா. சத்தம் போடுவா என்று பயந்திருந்தோம். "பரவாயில்லை சேர், விடுங்கோ. ஒரே ஊர்ப் பிள்ளையள். நாளைக்கும் முகத்தில முழிக்கவேணும்" என்று சொல்லிவிட்டுப் போனா. நல்ல மனுசி, பெருந்தன்மை என்று எங்களுக்குள் பாராட்டிக்கொண்டோம். இப்போது யோசித்தால் அது பெருந்தன்மை இல்லை. கேட்டாலும் நியாயம் கிடைக்காது என்று அந்தத் தாய்க்கு முதலே தெரிந்திருக்கிறது.

பெரியவன் மாகாணத்தில் இரண்டாம் இடம் எடுத்தான். காலைக் கூட்டத்தில் மாலை போட்டோம். எல்லாப் பிள்ளைகளும் கைதட்டினார்கள். வலது கையில் கட்டோடு நின்ற சின்னவன் இடது கையால் தொடையில் தட்டினான். அதைப் பார்த்த நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

அந்தப் பெரியவன் கெட்டுப்போகவில்லை. இன்றைக்கு வெளிநாட்டில் உழைத்துக் குடும்பத்தைப் பார்க்கிறான். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அவன் நல்லாக வந்ததற்கு நாங்கள் காரணமில்லை. நாங்கள் அன்று அவனுக்குக் கற்பித்தது ஒன்றே ஒன்றுதான்: பதக்கம் இருந்தால் கேள்வி இல்லை. சின்னவன் அதற்குப் பிறகு மைதானத்துப் பக்கம் வரவில்லை. அவனுக்குள் ஓர் ஓட்டக்காரன் இருந்திருந்தால், அவனை வெளியே அனுப்பியது நாங்கள்தான்.

மொங்கோலியாவில் என்ன நடந்தது என்று எங்களால் முழுதாகச் சொல்லமுடியாது. அவர் இளமையில் எப்படி வளர்க்கப்பட்டார், ஆர் கண்டித்தார்கள், ஆர் கண்டிக்காமல் விட்டார்கள் என்று நாங்கள் தீர்ப்பளிக்கப் போவதில்லை. ஆனால் எங்கள் பாடசாலையில், எங்கள் கழகத்தில், எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். வெல்கிற பிள்ளைக்கு ஒரு சட்டம், மற்றப் பிள்ளைக்கு இன்னொரு சட்டம். ஆட்டம் தெரிந்தவன் நடுவரைத் தூசணத்தால் பேசினால், "சூடான பெடியன், ஆனா நல்லா விளையாடுவான்" என்று சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பிலிருந்துதான் தொடங்குகிறது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். பிள்ளைக்கு அடித்துப் பழக்குகிறவர்களில் ஆசிரியர்களான நாங்களும் இருக்கிறோம். உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கைகள் சொல்கின்றன. ஆனாலும் தடி இல்லாமல் வகுப்பு நடத்தமுடியாது என்று நினைக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். 'சேர், நல்லா அடிச்சுப் படிப்பியுங்கோ' என்று கேட்கும் பெற்றாரும் இருக்கிறார்கள். பலமுள்ளவன் பலமில்லாதவனை அடிக்கலாம் என்ற பாடத்தை எட்டு வயதில் நாங்களே எடுத்துவிட்டு, பதினெட்டு வயதில் அவன் வாளைத் தூக்கும்போது 'எங்கே பழகினான்' என்று கேட்பது நியாயமா?

சிலர் சொல்லக்கூடும்: "ஒரு சின்னத் தள்ளுமுள்ளுக்காக ஏழைப் பிள்ளையின் எதிர்காலத்தை அழிக்கிறதோ? தீவுப் பிள்ளைக்கு எப்பவாவது ஒருக்காத்தான் கதவு திறக்குது." இது நியாயமான கேள்வி. பண்ணைப் பாலம் தாண்டி யாழ்ப்பாணம் போய்ப் பயிற்சி எடுக்க பஸ் காசுக்கே கஷ்டப்படும் வீடுகள் எங்களுக்குத் தெரியும். ஆனால் கண்டிப்பது என்றால் அழிப்பது அல்ல. அன்று அந்தப் பெடியனை ஒரு போட்டியிலிருந்து நிறுத்தியிருந்தால் அவன் இழந்திருப்பது ஒரு பதக்கம். சின்னவனின் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்க வைத்திருந்தால் அவனுக்கு ஒன்றுமே குறைந்திருக்காது. பதினாறு வயதில் ஒரு போட்டியை இழப்பது பெரிய நட்டமா, முப்பத்தெட்டு வயதில் 16 வருடத்தை இழப்பது பெரிய நட்டமா? இழந்தது அவர் மட்டுமா? இறந்துபோனவரின் வீட்டில் எத்தனை பேர்?

எங்கள் மண்ணிலேயே வேறு மாதிரியும் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்குகளுக்குப் போனவர். 1958 தோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் தங்கம் எடுத்து, ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு முதல் தங்கத்தைக் கொண்டுவந்தவர். பிறகு படித்துக் கலாநிதிப் பட்டம் பெற்று, கல்வித்துறையில் வாழ்ந்தார். பதக்கத்துக்குப் பிறகும் ஒரு வாழ்க்கை இருக்கிறது, அதற்கும் பிள்ளையைத் தயார்படுத்தவேண்டும் என்பதற்கு அவர் போதும்.

எனவே அந்தத் தம்பி ஜூடோ வகுப்பைத் தொடங்கட்டும். நாங்கள் ஆதரவு. பாய் தூக்கவும் வருவோம். ஆனால் தொடங்கும் முன்னர் ஊராக நாங்கள் நான்கு விடயத்தில் உடன்படவேண்டும் என்று கேட்கிறோம்.

1. முதல் மாதம் விழுவது, வணக்கம் சொல்வது, தட்டியதும் விடுவது. இது மூன்றும் மட்டும். ஆளை விழுத்துவது பிறகு. பெற்றார் அவசரப்படக்கூடாது.

2. ஒரு பிள்ளைக்குக் காயம் வந்தால் நடந்தது நடந்தபடி எழுதப்படவேண்டும். காயப்பட்ட பிள்ளையின் பெற்றாரிடம் முதலில் நாங்கள் போகவேண்டும், அவர்கள் வரும்வரை காத்திருக்கக்கூடாது. வேண்டுமென்று காயப்படுத்தியவர் அடுத்த போட்டிக்குப் போகமாட்டார். அவர் ஊரின் முதல் வீரனாக இருந்தாலும் சரி, எங்கள் சொந்தப் பிள்ளையாக இருந்தாலும் சரி.

3. கிண்ணம் எடுத்த இரவில் போத்தல் வேண்டாம். மார்க்கம் தடுத்ததால் சொல்கிறோம் என்று நினைக்கவேண்டாம். பதினேழு வயதுப் பெடியனுக்கு முதல் கிளாஸை ஊற்றிக் கொடுப்பது எங்கே நடக்கிறது என்று உங்களுக்கும் தெரியும், கழகத்து அண்ணாமாருக்கும் தெரியும். மொங்கோலியாவில் அந்த இரவு மது இல்லாமல் போயிருந்தால் ஒருவர் உயிரோடு இருந்திருக்கலாம், இன்னொருவர் வீட்டில் இருந்திருக்கலாம்.

4. பெண் பிள்ளைகளுக்கும் தனி நேரம் ஒதுக்கி, பெண் பயிற்றுநர் ஒருவரைத் தேடுவோம். மொங்கோலியாவின் சுமியா என்ற பெண் 2016 ரியோவில் வெள்ளியும் 2017 இல் உலகச் சம்பியன் பட்டமும் எடுத்தவர். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தளவு வேண்டாம், பயமில்லாமல் பஸ்ஸில் போய்வரும் துணிவு வந்தாலே போதும்.

இது எல்லாம் பெரிய காசு தேவைப்படுகிற விடயமில்லை. கண்டிக்க வேண்டிய நேரத்தில் வாய் திறக்கும் ஐந்து பெரியவர்கள் போதும். அதுதான் எங்களிடம் குறைவாக இருக்கிறது. அன்று ஆசிரியர் அறையில் ஒருவர் வாய் திறந்திருந்தால் மற்றவர்களும் திறந்திருப்போம். அந்த ஒருவர் நாங்களாக இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

அந்தச் சின்னவன் இப்போது வளர்ந்துவிட்டான். ஒருநாள் வேலணையில் கடையொன்றில் கண்டோம். முகம் நிறையச் சிரித்து, சுகம் கேட்டான். கை எப்படி என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. இந்தப் பதிவை அவன் வாசித்தால், தம்பி, எங்களை மன்னித்துக்கொள். உன்னுடைய அம்மாவிடமும் சொல், ஒருநாள் வீட்டுக்கு வருகிறோம்.

மற்றவர்கள் உங்கள் கருத்தை எழுதுங்கள். மாற்றுக் கருத்தென்றாலும் எழுதுங்கள். ஆனால் எந்தப் பாடசாலை, எந்தப் பிள்ளை என்று தேடவேண்டாம். அவரவர் பாடசாலையில் அவரவர் மறைத்த ஒன்றை நினைத்துப் பார்த்தால் போதும்.

அல்லாஹ் எங்கள் பிள்ளைகளுக்குப் பலத்தையும், அதைப் பிடித்து நிறுத்தும் மனதையும் சேர்த்தே தருவானாக. ஆமீன்.